களிமண்ணில் சுரங்கம் தோண்டினால் மேலே உள்ள வீட்டுக்கு என்ன ஆகும்? மட்டக்களப்பில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு ஆரையம்பதிக்குத் திரும்பி வந்தவன் நான். சுரங்க ரெயில் பாதை தோண்டும்போது மேலே நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் குழுவில் இருந்தேன். ஊருக்கு வந்த நாளிலிருந்து கேள்விதான். கல்யாண வீட்டில் பந்தியில் இருக்கும்போதும் கேட்கிறார்கள், கல்லடியில் மீன் வாங்கும்போதும் கேட்கிறார்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் பத்துப் பேரிடமிருந்து வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தம்பி, மட்டக்களப்பில சுரங்கமே இல்லையே. இதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு?

நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் சிங்கப்பூரிலும் சுரங்கத்துக்கு மேலேதான் குடியிருக்கிறார்கள். பலர் அந்தச் சுரங்கங்களில் வேலையும் செய்கிறார்கள்.

இன்னொன்று, பாதையை வெட்டாமல் அதற்குக் கீழால் குழாயைத் தள்ளிக்கொண்டு போகும் முறையும் ஒரு குட்டிச் சுரங்கம்தான். அதற்கும் இதே கணக்குத்தான். கிணறு வெட்டுவது, அத்திவாரக் குழியில் தண்ணீர் இறைப்பது, இவற்றால் பக்கத்து வீடு வெடிப்பதும் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்.

மண்ணை எடுத்த இடத்திலதான் கொங்கிறீட் வளையம் வருதே, பிறகு ஏன் மேல நிலம் இறங்குது?

எடுக்க நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக மண் வந்துவிடுவதால். சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் முன்முகத்தில் மண் உள்ளே பிதுங்கி வருகிறது. இயந்திரம் சிக்காமல் நகர்வதற்காக அதன் உடலைவிடச் சற்றுப் பெரிய துளையாகவே வெட்டுகிறார்கள், அந்த இடுக்கு மூடிக்கொள்கிறது. இயந்திரத்தின் வாலுக்குப் பின்னால் கொங்கிறீட் வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் வரும். அதைச் சீமெந்துக் கலவை பீச்சி நிரப்புவார்கள். நிரப்புவது பிந்தினால் மண் முந்திக்கொள்ளும். கடைசியில் வளையமே பாரத்தில் சற்று நசிகிறது.

இப்படிக் கூடுதலாக வந்த மண்ணைச் சுரங்கத்தின் பருமனோடு ஒப்பிட்டுச் சதவீதத்தில் சொல்வதற்குப் பெயர் மண் இழப்பு. சைட்டில் எல்லோரும் வொலியூம் லொஸ் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் இனி வரும் எல்லாமே இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் போகும்.

களிமண் நல்லதா கூடாததா? மணலுக்குத்தானே பயப்படணும்?

எழுவான்கரையில் கிணறு வெட்டியவருக்கும் படுவான்கரையில் வெட்டியவருக்கும் இதை விளக்கவே தேவையில்லை. கடற்கரைப் பக்கத்து மணல் வெட்ட வெட்டச் சரியும். வயல்பக்கத்துக் களி செங்குத்தாக நிற்கும், மத்தியானம் சாப்பிட்டு வரும்வரைக்கும் நிற்கும். அந்த நிற்கும் நேரம்தான் சுரங்கம் தோண்டுபவருக்குக் கிடைக்கும் வரம். லண்டனில் உலகத்தின் முதலாவது நிலக்கீழ் ரெயில் வலைப்பின்னல் வளர்ந்ததற்கு அந்த நகரத்தின் இறுகிய களிமண் ஒரு பெரிய காரணம்.

ஆனால் களி என்றால் எல்லாம் ஒரே களி இல்லை. 1967இல் புரொம்ஸ், பென்னர்மார்க் என்ற இருவர் ஒரு எளிய விகிதம் சொன்னார்கள். சுரங்கத்தின் ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் மண்ணின் பாரத்தை, அந்தக் களியின் வெட்டு வலிமையால், அதாவது வழுக்கி அறுபடாமல் தாங்கும் பலத்தால் வகுங்கள். விடை 6ஐத் தாண்டினால் முன்முகத்துக்கு எதிரழுத்தம் கொடுக்காமல் தோண்ட முடியாது, உள்ளே வழிந்து வரும். லண்டன் களியில் 20 மீட்டர் ஆழத்தில் பாரம் ஏறக்குறைய 400 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), வலிமை 150 என்று வைத்தால் விடை 3க்குள். சிங்கப்பூரின் கடற்களியில் அதே ஆழத்தில் பாரம் 320, வலிமை 30 என்று வைத்துப் பாருங்கள், விடை 10க்கு மேல். கையில் எடுத்தால் பற்பசை மாதிரி இருக்கும் அந்தக் களி. அதில் முன்முகத்தை அடைத்து அழுத்தம் கொடுத்துக்கொண்டே தோண்டும் இயந்திரம் இல்லாமல் யாரும் கைவைப்பதில்லை.

எவ்வளவு இறங்கும் எண்டு எப்படிக் கணக்குப் பார்க்கிற?

உயர்தரத்தில் செவ்வன் பரம்பல் படித்திருப்பீர்கள், மணி மாதிரியான வளைகோடு. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சுரங்கத்துக்கு மேலே உண்டாகும் பள்ளத்தின் குறுக்கு வெட்டு கிடைக்கும். ரால்ஃப் பெக் 1969இல் மெக்சிகோ நகரத்தில் நடந்த மாநாட்டில் பல சுரங்கங்களின் அளவீடுகளை அடுக்கி இதை முன்வைத்தார். இன்றைக்கும் முதல் கணக்கு இதுதான்.

ஒரு உதாரணம். விட்டம் 6 மீட்டர், மையம் 20 மீட்டர் ஆழத்தில். குறுக்குவெட்டுப் பரப்பு 28.3 சதுர மீட்டர். மண் இழப்பு 1 சதவீதம் என்றால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.283 கன மீட்டர். களிமண் உடனடியாகத் தன் கனவளவை மாற்றாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் போதாது. ஆகவே கீழே போன 0.283 முழுவதும் மேலே பள்ளமாக வந்தே தீரும். பள்ளத்தின் அகலத்தைச் சொல்லும் அளவுக்குப் பாடத்தில் ஐ என்று பெயர், அது கே என்ற எண்ணை ஆழத்தால் பெருக்கினால் வரும். களிக்கு கே 0.5 என்று எடுத்தால் ஐ 10 மீட்டர். வளைகோட்டின் பரப்பு ஏறக்குறைய 2.5 தடவை ஐ தடவை உச்ச இறக்கம். எனவே உச்ச இறக்கம் 0.283ஐ 25ஆல் வகுத்தால் 0.0113 மீட்டர், அதாவது 11 மில்லிமீட்டர். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 25, 30 மீட்டர் தள்ளிப் போனால் பள்ளம் முடிந்துவிடும்.

11 மில்லிமீட்டர் என்றால் சின்னி விரலின் அகலம்கூட இல்லை. நிறையப் பேர் இங்கேயே நிம்மதியாகி எழும்பிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் இருங்கள்.

சேர், அந்த கே எங்க இருந்து வருது? எல்லாத்துக்கும் 0.5 போட்டா மார்க்ஸ் கிடைக்குமா?

மார்க்ஸ் கிடைக்கும், வேலை கிடைக்காது. ஓ’ரைலி, நியூ என்ற இருவர் 1982இல் பிரித்தானியச் சுரங்கங்களின் அளவுகளைத் தொகுத்தார்கள். இறுகிய களிக்கு 0.4 முதல் 0.5 வரை, மென்களிக்கு 0.6, 0.7 வரையும் போகும். நிலநீருக்கு மேலுள்ள மணலுக்கு 0.2 முதல் 0.3. அதனால் மணலில் பள்ளம் ஒடுங்கி ஆழமாக வரும், களியில் அகன்று ஆழம் குறைவாக வரும். எங்கள் கரையோரம் மாதிரி மேலே மணல், கீழே களி என்று அடுக்காக இருந்தால் ஒரே எண்ணைப் போடுவது சோம்பேறித்தனம்.

ஆனால் கே பிழைத்தால் வரும் சேதம் சிறியது. மண் இழப்பை எவ்வளவு என்று எடுப்பது என்பதில்தான் ஆள் தெரியும். முன்முகத்துக்கு அழுத்தம் கொடுக்கும் இயந்திரம் நன்றாக ஓடினால் 1 சதவீதத்துக்குக் கீழேயே நிற்கும். திறந்த முகத்தோடு இறுகிய களியில் தோண்டினால் 1 முதல் 2. ஆனால் லண்டனில் ஜூபிலி ரெயில் பாதை நீட்டிப்பின்போது சென் ஜேம்ஸ் பூங்காவுக்குக் கீழே 2க்குள் இருக்கும் என்று நினைத்துத் தோண்டினார்கள், முதல் சுரங்கத்தில் 3 சதவீதத்தைத் தாண்டியது. உலகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட களிகளில் ஒன்று அது. அங்கேயே அப்படி. ஆகவே ஒரு எண்ணை நம்பாதீர்கள். 1, 1.5, 2 என்று மூன்றுக்கும் கணக்குப் பார்த்து, எதில் போய் வீடு சிக்கலுக்குள் வருகிறது என்று பாருங்கள்.

என்ட மகள் லண்டன்ல வீடு வாங்கியிரிக்கா. வீட்டுக்குக் கீழால ரெயின் போகுதாம், ராவையில கிர்ரெண்டு சத்தம் கேட்குதாம். வீடு புதைஞ்சிருமா மகன்?

புதையாது அம்மா. லண்டனின் பழைய சுரங்கங்கள் பலவும் நூறு வருடத்துக்கு முந்தியவை. இறங்க வேண்டியது எல்லாம் உங்கள் மகள் பிறக்க முந்தியே இறங்கி முடிந்துவிட்டது. கேட்கிற சத்தம் ரெயில் சில்லின் அதிர்வு, அது வேறு கதை. தூக்கம் கெடும், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

புதிதாக ஒரு சுரங்கம் வீட்டுக்குக் கீழால் போகப் போகிறது என்று கடிதம் வந்தால் மட்டும் பயப்படாமல் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். வீட்டைப் பார்த்துப் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள், கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வேறு என்ன செய்ய வேண்டும் என்று கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை மில்லிமீட்டர் இறங்கினா வீடு வெடிக்கும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்கும் விதமே கொஞ்சம் பிழை. வீடு முழுவதும் ஒரே சீராக 50 மில்லிமீட்டர் இறங்கினால் வாசற்படியும் தண்ணீர்க் குழாய் இணைப்பும்தான் பாதிக்கப்படும், சுவரில் ஒரு கீறல் வராது. ஒரு மூலை 10 இறங்கி மறு மூலை அசையாமல் நின்றால் சுவர் வெடிக்கக்கூடும். எவ்வளவு இறங்கியது என்பதைவிட, எவ்வளவு வித்தியாசமாக இறங்கியது என்பதுதான் கேள்வி.

பள்ளத்தின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வள்ளத்தின் அடி மாதிரிக் குழிந்திருக்கும். அதில் இருக்கும் வீட்டின் நடு தொங்கும், அடிப்பக்கம் இழுபடும், ஆனால் அத்திவாரமும் மண்ணும் அதைப் பிடித்துக்கொள்ளும். நடுவிலிருந்து ஐ தூரத்துக்கு அப்பால் வளைவு திரும்பி மாட்டின் முதுகு மாதிரி ஆகிவிடும். அங்கே இருக்கும் வீட்டின் மேல்பக்கம் இழுபடும். மேலே பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஓட்டுக் கூரைதான். அதோடு நிலமும் அந்த இடத்தில் கிடையாக இழுபடுகிறது. அதனால் சுரங்கத்துக்கு நேர் மேலே உள்ள வீட்டைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும் வீடு கூடுதலாக வெடிப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். நேர் மேலே இருப்பவர் இழப்பீடு கேட்டு நிற்பார், உண்மையில் பாதிப்பு இரண்டு வளவு தள்ளி இருப்பவருக்கு.

வெடிப்பு எவ்வளவு அகலம் எண்டா ஆபத்து?

பேராசிரியர் ஜோன் பர்லண்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய ஆறு படி வரிசை ஒன்று இருக்கிறது, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை. 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழைக் கீறல் பூச்சியம். 1 மில்லிமீட்டர் வரை முதலாம் படி, பெயின்ட் அடித்தால் போதும். 5 வரை இரண்டாம் படி, கதவு யன்னல் சற்று இறுகும், பூசி அடைக்கலாம். 5 முதல் 15 வரை மூன்றாம் படி, மேசனைக் கூப்பிட்டுக் கல்லை எடுத்துக் கட்ட வேண்டிவரும். 25 வரை நான்காம் படி, அதற்கு மேல் ஐந்தாம் படி, வீட்டை விட்டு எழும்ப வேண்டிய நிலை.

இந்த வரிசையைச் செய்தவர்களே சொன்னது, அகலத்தை மட்டும் பார்க்காதே, திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார் என்று. கணக்கில் இதைச் சுவரின் இழுவை விகாரத்தோடு, அதாவது சுவர் இழுபட்டு எத்தனை சதவீதம் நீள்கிறது என்பதோடு பொருத்துகிறார்கள். 0.05 சதவீதம் வரை பூச்சியப் படி, 0.075 வரை முதலாம், 0.15 வரை இரண்டாம், 0.3 வரை மூன்றாம். பெரும்பாலான திட்டங்களில் இரண்டாம் படிக்குள் நிற்கிறதா என்பதுதான் எல்லைக்கோடு. பூச்சு உதிர்வது வேறு, சுவர் போவது வேறு.

பாதை வழிய ஆயிரம் வீடு இரிக்கும். எல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கணக்குப் பார்ப்பாங்களா?

மாட்டார்கள், நெல் தூற்றுவது போலத்தான் செய்வார்கள். முதல் சுற்றில் வீடுகளையே பார்ப்பதில்லை. மேலே சொன்ன வளைகோட்டை வரைபடத்தில் போட்டு, 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இறங்கும், சரிவும் 500க்கு 1ஐ விடக் குறைவு என்று வரும் இடத்தில் உள்ளவற்றைப் பதராக ஒதுக்கிவிடுவார்கள். ரான்கின் என்பவர் 1988இல் சொன்ன எல்லை இது. எங்கள் உதாரணத்தில் உச்சச் சரிவு ஏறக்குறைய 1450க்கு 1, அது பிரச்சினையில்லை. ஆனால் 11 மில்லிமீட்டர் என்பதால் நடுவில் உள்ள வீடுகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அதே சுரங்கம் 12 மீட்டர் ஆழத்தில் போனால் 19 மில்லிமீட்டர், சரிவு 530க்கு 1, எல்லையைத் தொடப் பார்க்கிறது.

இரண்டாம் சுற்றில் வீட்டை ஒரு சாதாரண வளை (பீம்) போல நினைத்து, நிலத்தோடு சேர்ந்து வளைந்தால் விகாரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இது வேண்டுமென்றே கூடப் பயப்படும் கணக்கு, ஏனென்றால் உண்மையில் வீட்டுக்கும் ஒரு விறைப்பு உண்டு, அது நிலத்தை அப்படியே பின்பற்றாது. இதிலும் மூன்றாம் படியோ அதற்கு மேலோ வருகிறவை மட்டும் மூன்றாம் சுற்றுக்குப் போகும். அங்கேதான் அத்திவாரத்தைத் தேடித் தோண்டிப் பார்ப்பது, கணினியில் மாதிரி செய்வது எல்லாம். பழைய கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்றால் சுற்று எதுவும் பார்க்காமல் நேரே மூன்றுக்கு அனுப்புவதுதான் புத்தி.

ரெண்டு சுரங்கம் பக்கத்தில பக்கத்தில போனா, ரெண்டால பெருக்கினாப் போதுமா?

இரண்டு வளைகோட்டையும் அவற்றின் இடத்தில் வரைந்து கூட்ட வேண்டும், பெருக்கக் கூடாது. அதோடு இரண்டாவது சுரங்கம் போகும்போது மண் ஏற்கனவே குழம்பிப் போயிருக்கும், அதன் மண் இழப்பைக் கூட்டி எடுப்பதே பாதுகாப்பு.

பைல் அடிச்ச கட்டடத்துக்குப் பயமில்லைத்தானே?

பைல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய அத்திவாரத் தூண், அதன் நுனி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சுரங்கத்துக்குப் பக்கமாக, அதைவிட ஆழமாகப் போய் நின்றால் பெரிதாக இறங்காது, ஆனால் பக்கவாட்டில் வளையும். நுனி சுரங்கத்தின் முதுகுக்குச் சற்று மேலே நின்றால் நிலைமை மோசம். நிலத்துக்குள் இறங்க இறங்க இறக்கம் கூடும், மேற்பரப்பில் 11 என்றால் சுரங்கத்துக்கு அருகில் அதைவிடப் பல மடங்கு. பைல் அந்த ஆழத்து இறக்கத்தைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

மிக மோசமானது பாதி பைலிலும் பாதி சாதாரண அத்திவாரத்திலும் நிற்கும் கட்டடம். எங்கள் ஊரில் பழைய வீட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு விறாந்தை இறக்குவோம் அல்லவா, அந்த மூட்டில் வெடிக்காத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். சுரங்கமே தேவையில்லை.

வேலை முடிஞ்சு எல்லாரும் போயிற்றாங்க. எட்டு மாசம் கழிச்சு வெடிக்குது. அப்ப அது சுரங்கத்தால இல்லைதானே?

சுரங்கத்தாலும் இருக்கலாம். களியின் குணமே பிந்தி வருவதுதான். கணக்குக் கேள்வியில், களி உடனே கனவளவை மாற்றாது என்று சொன்னேன். மாறாது என்று சொல்லவில்லை. தோண்டும்போது சுற்றியுள்ள களிக்குள் நீரழுத்தம் குழம்புகிறது. சுரங்கச் சுவர் கசிந்தால் அதுவே ஒரு வடிகான் ஆகிவிடுகிறது. தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேற, களி சுருங்கி இறுகும். கொன்சொலிடேஷன் என்று படிக்கிறீர்களே, அதுதான். மென்களியில் இது மாதக்கணக்கில் போகும், வருடக்கணக்கிலும் போகும். இந்தப் பள்ளம் முதலில் வந்ததைவிட அகலமாக இருப்பதால், முதல் சுற்றில் தப்பிய தூரத்து வீட்டுக்காரரும் மாட்டுவார்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். நிலநீர் 1 மீட்டர் இறங்கினால் கீழுள்ள மண் மீது கூடுதலாக 10 கிலோபாஸ்கல் ஏறும். ஊர் முழுவதும் அரை மீட்டர் உயரத்துக்குக் கிரவல் கொட்டியது போல.

அப்ப பண்டாரவளையில நடந்ததும் இதுதானா?

கிட்டத்தட்ட. பண்டாரவளை இருக்கும் பதுளை அம்பாறைக்கு அடுத்த மாவட்டம், ஆதலால் இங்கே எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கம் களியில் போகவில்லை, ஆழத்தில் பாறைக்குள் போனது. 2014இன் கடைசியில் பாறை வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் பெருமளவில் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. பெக்கின் வளைகோட்டை வைத்துப் பார்த்தால் அவ்வளவு ஆழத்தில் போகும் சுரங்கத்தால் மேலே ஒன்றும் தெரியக் கூடாது. இறக்கியது தண்ணீர் போன பாதை. ஆகவே சுரங்கம் என்றவுடன் மண் இழப்பை மட்டும் பார்த்துவிட்டு நிலநீரை மறந்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள்.

எங்கட வீட்டுச் சுவர் வெடிச்சுக் கிடக்கு. முன்னால பாதையில பெக்கோ வைச்சுக் குழாய் போட்டவங்கதானே காரணம்?

முதலில் நான் கேட்கும் கேள்வி, வெடிப்பு எந்த மாதத்தில் விரிகிறது என்பது. படுவான்கரைக் களி மாரியில் ஊறிப் பொங்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். வயல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடப்பதைப் பார்க்கிறீர்கள், அதே களிதான் உங்கள் அத்திவாரத்துக்குக் கீழும். கச்சானில் விரிந்து மாரியில் மூடும் வெடிப்பு குழாய்க்காரரின் வேலை இல்லை. சுவருக்குப் பக்கத்தில் பெரிய வேம்பு நின்றால் அது களியில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக் கூட்டிக்கொடுக்கும்.

குழாய்க்காக வெட்டிய பள்ளம் 2 மீட்டர் ஆழம் என்றால், அதன் ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரத்துக்கு அப்பால் பாதிப்பு பொதுவாக மிகக் குறைவு. அதற்குள் வீடு இருந்து, பள்ளத்தைப் பலகை கொடுத்து முட்டுக்கொடுக்காமல் பல நாள் திறந்து வைத்து, தண்ணீரையும் இரவு பகலாக இறைத்திருந்தால் சந்தேகப்பட நியாயம் உண்டு. வெட்டாமல் கீழால் தள்ளிய குழாய் என்றால், 2 மீட்டர் விட்டம், 6 மீட்டர் ஆழம், 2 சதவீத இழப்பு என்று முன்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 8 மில்லிமீட்டர் வரும். அதுவும் நேர் மேலே.

பொயின்ட் அடிச்சு ஒவ்வொரு நாளும் அளக்கிறாங்களே, அதை நம்பலாமா?

அளப்பவர் எதிலிருந்து அளக்கிறார் என்று தெரிந்தால் நம்பலாம். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வரிசை வீடுகளில் ஒன்பது நாளாக இறக்கம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். எல்லோருக்கும் சந்தோஷம். அங்கே ஒரு வயதான சீன அம்மா தன் வாசற்கதவு இழுபடுகிறது என்று ஒவ்வொரு நாளும் முறையிட்டார், நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். கடைசியில் பார்த்தால், நாங்கள் அசையாது என்று நம்பி ஒப்பிட்ட அடிப்படைப் புள்ளியே பள்ளத்துக்குள் இருந்தது. அதுவும் வீடுகளோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் இருந்தால் தண்ணீர் ஏறுவது தெரியாது. அன்றிலிருந்து அடிப்படைப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்காமல் நான் எந்த அட்டவணையையும் வாசிப்பதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். களியில் இயந்திரத்தின் முகம் உங்கள் வீட்டுக்கு நேர் கீழே வரும்போது, உடனடி இறக்கத்தில் பாதிவரைக்கும் ஏற்கனவே நடந்திருக்கலாம். இயந்திரம் வந்த பிறகு அளக்கத் தொடங்கினால் அந்தப் பகுதி கணக்கிலேயே வராது.

இறங்கத் தொடங்கினா நிப்பாட்ட வழி இரிக்கா?

இருக்கிறது. மேலே அளவுகளுக்கு மஞ்சள், சிவப்பு என்று எல்லைகள் வைப்பார்கள். மஞ்சளில் முன்முக அழுத்தம், கலவை பீச்சும் அளவு எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். சிவப்பில் இயந்திரம் நிற்கும், அல்லது நிற்க வேண்டும்.

பெரிய கட்டடங்களுக்கு முன்கூட்டியே அத்திவாரத்துக்குக் கீழால் குழாய்களைச் செலுத்தி வைத்து, நிலம் இறங்க இறங்கச் சீமெந்துக் கலவையைப் பீச்சி ஈடுசெய்வார்கள். லண்டனில் ஜூபிலி பாதைக்காக வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தை 39 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியபோது பிக் பென் கோபுரத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டது இந்த முறைதான். அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் மேலே சொன்ன பர்லண்டும் ஒருவர். அவரே பைசா கோபுரத்தின் உயர்ந்த பக்கத்துக்குக் கீழே வேண்டுமென்றே மண்ணை எடுத்து, அந்தப் பக்கத்தை இறக்கி, கோபுரத்தைக் கொஞ்சம் நிமிர்த்திய குழுவிலும் இருந்தார். ஒரே விஷயம், ஒரு இடத்தில் நோய், ஒரு இடத்தில் மருந்து.

கணக்கெல்லாம் சரியாத்தான் பார்க்கிறாங்க, பிறகு ஏன் இடைக்கிடை குழி விழுது?

ஏனென்றால் வளைகோடு சொல்வது எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும். ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அது சொல்லாது. 1994 ஒக்டோபர் 21ஆம் திகதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கீழே அதே இறுகிய களியில் சுரங்கங்கள் இடிந்து, மேலே கட்டடங்களும் சரிந்தன. ஆள் சேதம் இல்லாதது அதிர்ஷ்டம். சுரங்கத்தின் அடித்தளக் கொங்கிறீட் வேலை மோசமாக இருந்தது, அசைவு கூடுவதை அளவீடுகளும் காட்டிக்கொண்டிருந்தன. 2004 ஏப்ரல் 20ஆம் திகதி சிங்கப்பூர் நிக்கொல் நெடுஞ்சாலையில் கடற்களியில் வெட்டிய ஆழக் குழி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அது துளைத்த சுரங்கம் இல்லை, மேலிருந்து வெட்டி மூடும் முறை. களியின் வலிமையைக் கூட்டி மதிப்பிட்டதும், முட்டுக்கம்பிகளின் இணைப்பு பலமில்லாததும் விசாரணையில் வெளிவந்தன. அங்கேயும் அளவுகள் எல்லையைத் தாண்டியபோது வேலையை நிறுத்தாமல் எல்லையை உயர்த்திவிட்டார்கள்.

2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கம் போன இடத்தில் பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கிய படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2019 ஓகஸ்ட் கடைசியில் கொல்கத்தாவின் பவ்பஜாரில் இயந்திரம் தண்ணீர் நிறைந்த மண்ணில் மாட்டி, மேலே பழைய வீடுகள் இடிந்து, நூற்றுக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். இவற்றில் மண் இழப்பு 1 சதவீதமா 2 சதவீதமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே ஆபத்து மதிப்பீடு என்று ஒரு அறிக்கையை யாராவது காட்டினால், வளைகோட்டுப் பக்கத்தைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். களிக்கு நடுவில் திடீரென்று மணல் திட்டு ஒன்று வந்தால் என்ன செய்வார்கள், இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யார் கையில், இரவு இரண்டு மணிக்கு அந்த ஆள் தொலைபேசி எடுப்பாரா. இது எழுதியிராத அறிக்கை மெல்லியது.

சரி, நான் ஒரு வீட்டுக்காரன். எனக்குக் கணக்கு வேண்டாம். நான் என்ன செய்யணும்?

வேலை தொடங்க முந்தி வீட்டைப் படம் எடுங்கள். உள்ளேயும் வெளியேயும், ஒவ்வொரு சுவரையும், ஏற்கனவே உள்ள ஒவ்வொரு வெடிப்பையும், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைப் பிடித்துக்கொண்டு. அளவு தெரிய அது போதும். அன்றைய பத்திரிகையின் முதற் பக்கத்தையும் ஒரு படத்துக்குள் கொண்டுவாருங்கள், திகதிக்கு. வேலை செய்பவர்கள் ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கக் கேட்டால் மறுக்காதீர்கள். அவர்கள் எழுதும் குறிப்பில் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள், வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். லண்டன் மகளுக்கும் இதையேதான் சொன்னேன்.

பெரிய வெடிப்புகளின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, மாதம் ஒருமுறை இடைத்தூரத்தை அளந்து, சுவரிலேயே திகதியோடு எழுதுங்கள். மாரியிலும் ஒருமுறை, கச்சானிலும் ஒருமுறையாவது அளவு இருக்க வேண்டும். கதவு யன்னல் பூட்டுப்படுகிறதா என்பதையும் எழுதுங்கள், அந்தச் சீன அம்மாவின் கதவு எங்கள் கருவிகளைவிட ஒன்பது நாள் முந்தியது.